ஒரு நாள் தவறினால் குடி முழுகாது!

"நாளை முதல் விடியற்காலம் ஐந்து மணிக்கு எழுந்து விடுவேன்."

"ஒன்றாம் தேதி முதல் வீட்டு வரவு செலவுக்குக் கணக்கு எழுதப் போகிறேன்."

"இந்த ஆண்டு எப்படியும் தையல் கற்றுக் கொண்டு விடுவேன்."

இப்படி உறுதி எடுத்துக் கொள்ளாதவர் யார்? முதல் மூன்று நாள் உற்சாகத்துக்குக் குறைவே இராது. நாலாம் நாள் வீட்டுக்கு விருந்தாளி வருவார். அல்லது தலைவலி வரும். கணக்கு நோட்டைத் திறக்க முடியாது. ஐந்தாம் நாள், "நேற்றே விட்டுப் போயிற்று, இனி எழுதி என்ன?" என்று மனம் சொல்லும். அதோடு சரி. நோட்டு பரணுக்குப் போய்விடும். "இதெல்லாம் நமக்கு வராது" என்று மனிதர் முடிவு கட்டி விடுவார்.

அந்த முடிவுதான் தவறு. நாலாம் நாள் எழுதாததால் காரியம் கெடவில்லை. ஐந்தாம் நாள் கைவிட்டதால்தான் கெட்டது.

ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பார்கள். வளையும். நம் நாட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு.

1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள். அதோடு சைக்கிள் விடவும் கற்றார்கள். வயலிலும் கல் குவாரியிலும் வேலை செய்தவர்கள் அவர்களில் பலர். பிள்ளை குட்டிக்காரர்களும் உண்டு.

விழாமல் சைக்கிள் கற்றவர் உலகில் உண்டா? விழுந்தவர்கள் எழுந்து, மறுபடியும் ஏறினார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

எத்தனை நாள் ஆகும்?

ஒரு பழக்கம் படிவதற்கு 21 நாள் போதும் என்று பலர் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு எப்படிப் பரவியது தெரியுமா? அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற டாக்டர் இருந்தார். முகத்தைச் சீர்படுத்தும் அறுவை சிகிச்சை செய்தவர். புதிய முகம் நோயாளிகளுக்குப் பழக்கப்படக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று, 1960-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் பிறகு காணாமல் போயிற்று. 21 மட்டும் நின்று விட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2010-ல் அச்சில் வந்தது. 96 பேர் 12 வாரம் அதில் கலந்து கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுப் பழக்கத்தை எடுத்துக் கொண்டார்கள். ஒருவர் மதியச் சாப்பாட்டோடு பழம் தின்றார். இன்னொருவர் காலை ஆகாரத்துக்குப் பின் தண்ணீர் குடித்தார். வேறொருவர் உடற்பயிற்சி செய்தார்.

யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலை வர, சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. நடுத்தரக் கணக்கு 66 நாள். மிகவும் மெதுவானவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

இன்னொன்றும் கண்டார்கள். அதுதான் முக்கியம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை!

ஆகவே, 22-ம் நாளும் விடியற்காலம் எழுவது கஷ்டமாக இருக்கிறதா? உங்களிடம் குறை இல்லை. நாள் இன்னும் ஆகவில்லை, அவ்வளவே.

முளை அடியுங்கள்

கன்றுக்குட்டி ஓடாமல் இருக்க முளையில் கட்டுகிறோம். புதுப் பழக்கத்துக்கும் முளை வேண்டும். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலைதான் அந்த முளை.

"நேரம் கிடைத்தால் படிப்பேன்" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. "இரவு பாத்திரம் கழுவி வைத்ததும் பத்து வரி படிப்பேன்" என்று வைத்துக் கொள்ளுங்கள். பாத்திரம் கழுவாத நாள் உண்டா? கடைக்காரர், கல்லாவைப் பூட்டுவதற்கு முன் அன்றைய கணக்கை எழுதலாம். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைக்கலாம். மறுநாள் காலை தேடும் வேலை மிச்சம். படிக்கும் பிள்ளைகள், புத்தகத்தை எடுக்கும்போதே செல்போனை அடுத்த அறையில் வைத்து விடலாம்.

ஒரே நாளில் பத்துப் பழக்கம் வேண்டாம். பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-1790) ஓர் அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, அமெரிக்காவின் பெருந்தலைவர்களில் ஒருவராக உயர்ந்தவர். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாக அவற்றில் கவனம் வைத்தார். தவறிய நாளில் சிறு நோட்டில் கரும்புள்ளி இட்டார். பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் தமக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் முயன்றதால் முன்னைவிட நல்ல மனிதன் ஆனேன் என்கிறார். கரும்புள்ளியைக் கண்டு அவர் நோட்டைத் தூக்கி எறியவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஒரு நாள் தவறலாம் என்பது மதுவுக்கும் புகையிலைக்கும் அனுமதிச் சீட்டு அல்ல. அவற்றுக்கு அடிமையானவர்கள் டாக்டரின் உதவியை நாட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஒருவர் பழக்கம் படிவது வீட்டார் கையிலும் இருக்கிறது. வயது வந்த பின் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தாய் ஒருத்தி, இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை என்று வைத்துக் கொள்வோம். "என்னம்மா, படிப்பு அவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் சிரித்தால் போதும். மூன்றாம் நாள் அவள் தொடமாட்டாள். படிக்காமல் விட்ட எழுத்து மெல்ல மறந்து போகும். பாங்கியில் கையெழுத்துப் போட்டவள், மறுபடியும் கைநாட்டு வைக்க நேரும். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க மறுபடியும் அடுத்தவரைக் கேட்க நேரும். ஒரு கேலிச் சிரிப்புக்கு இது பெரிய விலை.

சிரிக்காதீர்கள். பாத்திரத்தை நீங்கள் வாங்கிக் கழுவுங்கள். "இன்றைக்கு எந்தப் பக்கம், அம்மா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

பரணில் கிடக்கும் நோட்டை இன்று இறக்குங்கள். தூசியைத் தட்டுங்கள். எழுதாத நாட்களை எண்ண வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு, இன்றைய கணக்கை எழுதுங்கள்.