தூண்டில்காரருக்கும் ஓர் இடம்

காவிரியில் மஹ்சீர் மீன் பிடிக்கப் போகிறவர்கள் முள்ளில் கோக்கும் இரை, கேழ்வரகு. மாவைக் களியாகக் கிண்டி, கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி நீரோட்டத்தில் விடுவார்கள். சீமையிலிருந்து விலை உயர்ந்த கோலும் உருளையும் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள்கூட அந்த ஆற்றில் கடைசியில் நம்பியது இந்த உருண்டையைத்தான். ராகி தின்று வளர்ந்த கோலார் மாவட்டத்துக்காரனான எனக்கு இது முதன்முதலில் தெரியவந்தபோது மனம் நிறைந்துபோனது. அந்த ஆற்றுக்கும் நம் ஊருக்கும் இன்னொரு பந்தமும் உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான் வந்தது. அந்த வீழ்ச்சிக்குக் கீழே ஆறு காட்டுக்குள் இறங்கும் பகுதியில்தான் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி என்ற மூன்று தூண்டில் முகாம்களையும் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்திவந்தது.

அங்கே விதி ஒன்றுதான்: பிடித்த மீனை எடை பார்த்துவிட்டு உயிரோடு ஆற்றில் விட வேண்டும். கலிபோரே முகாமில் பிடித்த மீனையெல்லாம் ஏட்டில் எழுதினார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்ற கணக்கு 1998 முதல் 2012 வரை சேர்ந்தது. ஏறக்குறைய 23,600 மணி நேரம். 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 2015-இல் அந்த ஏடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். நீலத்துடுப்பு மஹ்சீர் எண்ணிக்கையில் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீரோ ஏட்டிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. 1946-இல் கபினி ஆற்றில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த 120 பவுண்டு மீன் அந்த இனத்தைச் சேர்ந்தது. உலகமே பேசிய மீன். அதற்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் தெளிவானது, டோர் ரேமாதேவி. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் ஏறியது.

கணக்கு எழுதும் வேலையை அரசுத் துறை எதுவும் செய்யவில்லை, பல்கலைக்கழகமும் செய்யவில்லை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர்களும், அவர்களுக்கு வழிகாட்டிய ஆற்றோரக் கிராமத்து ஆட்களும் செய்தார்கள். அந்த ஏடு இல்லையென்றால் ஒரு மீன் இனம் நம் கண்முன்னே கரைந்துபோன கதையை எண்களோடு சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

2012-இல் அந்தத் தூண்டில் நின்றது. 1972-ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டைதான், விட்டுவிடுவதற்காகப் பிடித்தாலும் வேட்டைதான் என்று பொருள் கொள்ளப்பட்டது. அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே நான் வழக்காடப் போவதில்லை. முள் குத்திய மீனுக்கு வலிக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சரணாலயம் என்றால் ஓர் இடமாவது மனிதன் கை படாமல் இருக்கட்டும் என்பவரின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இது முடிவான இடத்தில் அந்த ஏட்டை எழுதியவர்கள் யாரும் இல்லை. என்னை உறுத்துவது அதுதான்.

மாநில வன உயிர் வாரியத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே பட்டியல் போடுகிறது. தலைவர் முதலமைச்சர். வனத்துறை அமைச்சர், மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள், தொண்டு நிறுவனத்தார் மூவர், இயற்கை ஆர்வலர்களும் சூழலியலாளர்களுமாகப் பத்துப் பேர் (அவர்களில் பழங்குடியினர் இருவராவது இருக்க வேண்டும்), போலீஸ், ராணுவம், கால்நடைத் துறை என்று நீள்கிறது. மீன்வளத் துறை இயக்குநருக்கும் அதில் இடம் உண்டு. மீன் பிடிக்கிறவனுக்கு இல்லை. வலைக்காரருக்கும் இல்லை, தூண்டில்காரருக்கும் இல்லை.

முகாம்களில் வழிகாட்டிகளாக இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் ஆற்றில் தோட்டா போட்டு மீன் எடுத்தவர்கள். முகாம் வந்தபின் மாதச் சம்பளம் கிடைத்தது. மீன் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு என்றானது. தோட்டாக்காரர்களை விரட்டும் வேலையையும் அவர்களே செய்தார்கள். தங்கவயலில் தோட்டா என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பாறையைப் பிளக்கிற அந்தப் பொருள் தண்ணீருக்குள் வெடித்தால் குஞ்சு, சினை, பெரியது என்று பார்க்காது. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்த முதல் காரியங்கள் அதுவும் ஆற்றில் விஷம் கலப்பதும்தான். முகாம் மூடியபின் ஆற்றில் காவல் குறைந்து தோட்டா திரும்பவும் வந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் போன வழிகாட்டியைக் கூப்பிட்டு, “நீ என்ன சொல்றப்பா?” என்று கேட்கிற குழு எதுவும் இல்லை.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வியைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் எட்டு வட்டார மன்றங்கள் இயங்குகின்றன. தொழிலுக்காகப் பிடிப்பவர்களுக்கும் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்களுக்கும் இவற்றில் நியாயமான, சமன்பட்ட பங்கு கிடைக்கும்படி உறுப்பினர்களை நியமிக்க வேண்டியது வணிகத் துறைச் செயலரின் கடமை. கடமையோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தச் சமன் எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2011 முதல் கடலோர மீன்வளத்தைப் பார்த்துக்கொள்ளும் பத்து வட்டார ஆணையங்களிலும் உள்ளாட்சி உறுப்பினர்களோடு தூண்டில்காரர்களும் உட்காருகிறார்கள். இடம் கிடைத்ததால் சண்டை தீர்ந்துவிடவில்லை. மெக்சிகோ வளைகுடாவில் செங்கண்ணி இனத்து மீன் ஒன்றில் தொழில்காரருக்கு 51, தூண்டில்காரருக்கு 49 விழுக்காடு என்று வகுத்த பங்குக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் வரை போய் மோதினார்கள். மோதல் இருக்கட்டும். முகம் பார்த்து மோதுகிறார்கள், இரு தரப்பின் கணக்கும் பதிவாகிறது.

இதைச் சொன்னால் நம் ஊரில் உடனே ஒரு சந்தேகம் எழும், எழவும் வேண்டும். தூண்டில்காரர் என்றால் யார்? நம் நாட்டு வரலாற்றில் தூண்டிலுக்குக் குரல் இல்லாமல் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அதற்கு மட்டுமே குரல் இருந்தது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க ஒரு சட்டம் வந்தது. மலையில் துரைமார்கள் வைத்த விதி அது. அங்கேயே பிறந்து வளர்ந்த இருளரையோ குறும்பரையோ யாரும் கேட்டு எழுதியதில்லை. தங்கவயலுக்கும் இது தெரிந்த கதை. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் கிளப்பும் கோல்ப் மைதானமும் துரைகளுக்கு, தகர லைன் வீடு நமக்கு. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கம்பெனி நம் ஆட்களின் வாயைப் பார்க்கத் தொடங்கியது. ஆகவே, பெங்களூரில் ஜீப்பும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கோலும் வைத்திருப்பவர் ஒருவரை ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்துவிட்டு, தூண்டிலுக்கு இடம் கொடுத்தாயிற்று என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்த தூண்டில்காரர்கள் வேறு. பேத்தமங்கலம் ஏரிக்கரையில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருப்பவர்கள். சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிநீர் தருவதற்காகப் பாலாற்றின் குறுக்கே இருந்த அந்த ஏரியில் நீரேற்று நிலையம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லாத நாளில் என் நைனாவும் அவர் கூட்டாளிகளும் சைக்கிளில் அங்கே போவார்கள். மயில் இறகுக் காம்பு தக்கை, நசுக்கிய ஈயம், தேங்காய் ஓட்டில் மண்புழு. கிடைப்பது ஜிலேபிக் கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு குறவை. பூமிக்குக் கீழே ஆறு நாள் இருட்டில் இருந்தவர்களுக்கு ஒரு நாள் வெளிச்சத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. இப்போது விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற பிள்ளைகள் அதே கரையில் விடுமுறை நாளில் தூண்டிலோடு உட்காருகிறார்கள். இவர்களுக்குச் சங்கம் இல்லை. யாரும் இவர்களைக் கணக்கெடுத்ததும் இல்லை.

நம் மாவட்டத்து ஏரிகளின் மீன் உரிமையைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ ஏலம் எடுத்தவருக்கோ குத்தகைக்கு விடுகிறார்கள். மீனவர் சங்கத்துக்கு முதல் உரிமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அது அவர்களின் சோறு. அவர்களின் இடத்தில் ஒன்றைப் பிடுங்கித் தூண்டில்காரருக்குக் கொடு என்று கேட்கவில்லை. கூடுதலாக ஓர் இடம் போடச் சொல்கிறேன். குத்தகை ஒப்பந்தம் எழுதும்போது ஒரு கழி, ஒரு முள், வீட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டு மீன் என்பதற்கு ஒரு வரி எழுதலாம். எழுதவில்லையென்றால் குத்தகைக்காரரின் ஆள் வந்து கழியை ஒடித்துப் போடுவதுதான் விதியாகிறது.

இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 2018 ஜூனில் கே.சி. வேலித் திட்டத்தில் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலாருக்குக் குழாயில் அனுப்பத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகளுக்கு என்பது திட்டம். முதலில் நிரம்பிய லட்சுமிசாகரம் ஏரியில் அடுத்த மாதமே நுரை பொங்கியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. வறண்ட ஏரியில் தண்ணீரைக் கண்ட சந்தோஷமும், இந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற பயமும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. அந்த ஏரிகளில் தினமும் மணிக்கணக்கில் கண் எடுக்காமல் தண்ணீரையே பார்ப்பவர் யார்? மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகும் அதிகாரி அல்ல. விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குவதையும், போன வாரம் இல்லாத நாற்றத்தையும், கெண்டை கிடைத்த இடத்தில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் மாட்டுவதையும் முதலில் அறிபவர் தூண்டில்காரர். கலிபோரேயில் காவிரிக்கு எழுதிய ஏட்டை இங்கே ஏரிக்கு எழுதலாம். அதை வாங்கிப் படிக்கக் கடமைப்பட்ட ஒரு மேசை வேண்டும்.

தூண்டில்காரர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் சொல்ல மாட்டேன். லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டபோது தூண்டில்காரர்கள் பலரும் மகிழ்ந்தார்கள். மீன் பெருகுகிறது, தூண்டிலில் அடிக்கடி மாட்டுகிறது, வேறென்ன வேண்டும்? கூன்முதுகு இனம் ஒதுங்கிப் போனதில் அந்த வந்தேறி மீனுக்குப் பங்கு இருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை எழுப்ப உதவியதும் தூண்டில்காரர்களின் ஏடுதான். ஆகவே அவர்கள் கையில் தீர்ப்பைக் கொடுக்க வேண்டாம். குழுவில் வலைக்காரர், ஏரி நீர் பாசனக்காரர், ஆய்வாளர் ஆகியோர் முன்னால் அவர்களும் தங்கள் கணக்கை வைத்துப் பதில் சொல்லட்டும்.

இதற்குப் புதிய சட்டம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் நகரசபையும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டும். ராபர்ட்சன்பேட்டை நகரசபையும் பேத்தமங்கலம் பஞ்சாயத்தும் இதில் அடங்கும். ஏரிகளைக் காக்க 2014-இல் கர்நாடகம் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் டி.சி. (மாவட்ட ஆட்சியர்) தலைமையில் ஏரிக் குழுவும் உண்டு. இந்த இரண்டிலும் கரையில் தூண்டில் போடும் ஒருவரை, பணம் கட்டிச் சேரும் கிளப் மூலமாக அல்லாமல் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க் கூட்டத்தில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி உட்கார வைக்கலாம். கூட்டம் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடந்தால் மாரிகுப்பம் ரயிலில் போகிற பிள்ளை வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். நடவடிக்கைக் குறிப்பைக் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் ஏரிக்கரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். குத்தகை எடுத்தவர் பெயர், தொகை, முடியும் தேதி மூன்றும் அதே பலகையில் இருக்கட்டும்.