குழந்தை வளரும், அந்தப் பின்சீட் வளராது

சென்ற இதழில் ஒரு தந்தை எழுதிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் கூரை மடங்கும் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் வைத்திருக்கிறார், ஐந்து வயது மகனைப் பின்சீட்டில் வைத்து ஓட்டுகிறார். "ஸ்போர்ட்ஸ் காரின் பின்சீட் குழந்தைக்குப் போதாது என்பது வெறும் பயமுறுத்தல்" என்று அடித்துச் சொல்கிறார். பெரியவர்களுக்குத்தான் அந்த இடம் சிறியது, குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது என்கிறார். குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகளை நிறுவனமே வைத்திருக்கிறதாம். கன்வெர்டிபிளில் கூடுதல் ஆபத்து இல்லை என்று ஆய்வே சொல்கிறதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று முகத்தில் அடிக்கும்போது பையன் சிரிக்கிறானாம்.

பையன் சிரிப்பதை நான் நம்புகிறேன். மற்ற எதையும் நம்புவதற்கில்லை. இதைப் படித்துவிட்டு எங்கோ ஓர் இளம் தம்பதி முன்பணம் கட்டிவிடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 109 செ.மீ. பத்து வயதில் அது 138 செ.மீ. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது, அதில் பெரும்பகுதி காலில். பன்னிரண்டில் 149 செ.மீ தொடும். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளுக்கு மேல். வாங்கிய காரை ஆறேழு ஆண்டு வைத்திருப்பது அங்கே சாதாரணம். இன்றைக்குக் குழந்தையை உட்காரவைத்துப் பார்த்து "போதும்" என்று தீர்ப்பு எழுதுபவர், அந்தக் கார் தன் வீட்டில் நிற்கப்போகும் காலம் முழுவதையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டார். கட்டுரை முழுக்க "இப்போது நன்றாகப் பொருந்துகிறது" என்பதே வருகிறது. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்ற கேள்வி ஓரிடத்தில்கூட இல்லை.

மஸ்டாங்கின் பின்சீட்டில் கால் வைக்கும் இடம் சுமார் 29 அங்குலம். டொயோட்டா கேம்ரி போன்ற சாதாரணக் குடும்பக் காரில் 38 அங்குலம். முன்னே உட்காரும் பெரியவர்களுக்கு மஸ்டாங் 45 அங்குலம் ஒதுக்குகிறது. அதாவது காரை வடித்தவர்கள் யாரை மனதில் வைத்து வடித்தார்கள் என்பது அளவுநாடாவிலேயே தெரிகிறது. தோள் அகலமும் அப்படித்தான். மூடிய மஸ்டாங்கில் பின்சீட்டுத் தோள் இடம் சுமார் 52 அங்குலம், கன்வெர்டிபிளில் சுமார் 45. மடங்கும் துணிக்கூரையும் அதன் இயந்திரமும் பக்கவாட்டில் எங்காவது இருந்தாக வேண்டும். அந்த ஏழு அங்குலத்தைப் பறிகொடுப்பவர் பின்னால் உட்காருபவர்தான். 2024-ல் வந்த புதிய தலைமுறையிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

"குழந்தைக்குக் கால் சின்னதுதானே" என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்விதான் கட்டுரையின் உயிர்நாடி, தவறும் இங்கேதான் வேரூன்றியிருக்கிறது. குழந்தை அங்கே வெறும் உடம்போடு உட்காருவதில்லை, குழந்தை இருக்கையோடு உட்காருகிறது. பின்னோக்கிய இருக்கை சாய்வாக நிற்பதால் முன்சீட்டை டாஷ்போர்டு வரைக்கும் தள்ள வேண்டியிருக்கும். முன்னோக்கிய இருக்கையில் குழந்தையின் முதுகே பல அங்குலம் முன்னுக்கு வந்துவிடுகிறது, முழங்கால் முன்சீட்டின் முதுகைத் தொடுகிறது. பெரியவரைவிடக் குழந்தைக்குத்தான் அங்கே இடம் அதிகம் வேண்டும்.

மோதலின்போது அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் அவர் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் குழந்தை இருக்கைகளை மணிக்கு 48 கி.மீ வேக மோதலில் சோதிக்கிறார்கள். இருக்கையின் மேற்பகுதியைக் காரோடு பிணைக்கும் மேல் டெதர் பட்டை மாட்டிய நிலையில் சோதனைப் பொம்மையின் தலை, பின்னாலுள்ள ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து 72 செ.மீ வரை முன்னே போகலாம், பட்டை இல்லாவிட்டால் 81 செ.மீ வரை போகலாம் என்று விதி இடம் தருகிறது. எல்லாக் கொக்கியும் சரியாக மாட்டியிருந்தாலும் தலை அந்த எல்லை வரை முன்னே வரக்கூடும் என்பதை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனை மேடையில் முன்சீட் என்ற ஒன்றே கிடையாது. குழந்தையின் தலை பாயும் பாதை வெறுமையாக இருக்கிறது. நம் கட்டுரையாளரின் காரில் அதே பாதையில் இரும்புச் சட்டம் போட்ட முன்சீட் நிற்கிறது. இருக்கை சோதனையில் தேறியது உண்மை. தேறியது வேறொரு சூழ்நிலையில். தலைக்கு முன்னே கால்களும் அந்தச் சட்டத்தில் போய் இடிக்கும். முன்னோக்கி உட்காரும் குழந்தைகளுக்குக் கால் எலும்பு முறிய முக்கியக் காரணமே முன்சீட்டின் முதுகு.

அடுத்தது கொக்கி. "நிறுவனமே கொக்கி வைத்திருக்கிறது, அப்படியென்றால் பாதுகாப்பானது" என்கிறார். அமெரிக்காவில் 2002 செப்டம்பர் முதல் புதிய கார்களின் பின்சீட்டில் கீழ்க்கொக்கி வைப்பது கட்டாயம். சட்டம் கேட்டதை நிறுவனம் வைத்திருக்கிறது, அவ்வளவே. இந்த இடத்தில் குழந்தை வளரலாம் என்று யாரும் அங்கே சான்று எழுதித் தரவில்லை. அந்தக் கொக்கியின் ஆயுளும் குறைவு. குழந்தையும் இருக்கையும் சேர்ந்து சுமார் 65 பவுண்டு, அதாவது 29 கிலோ தாண்டினால் கீழ்க்கொக்கியைப் பயன்படுத்தக் கூடாது, பெல்ட்டால் கட்ட வேண்டும். கனமான இருக்கை என்றால் ஆறேழு வயதிலேயே அந்த எல்லை வந்துவிடும். அவர் பெருமையோடு காட்டும் கொக்கி அவருடைய மகனுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுக்குத்தான்.

குழந்தை இருக்கை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் தன்னார்வப் பணியில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒருமுறை இரண்டு கதவுக் கன்வெர்டிபிள் ஒன்றில் ஏழு வயதுப் பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே தேவையில்லை. முன்சீட்டை மடக்கி, பெல்ட்டை ஒரு கையால் விலக்கிப் பிடித்து, அந்தப் பெண் பக்கவாட்டில் உடம்பை நெளித்து உள்ளே போனாள். பின்சீட் தட்டையாக இல்லை, இரு பக்கமும் மேடாகி நடுவில் குழிந்த பக்கெட் சீட். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையின் அடிப்பாகம் அகலம், அதனால் அது குழியில் அமராமல் இரண்டு மேட்டின் மேல் நின்று ஆடியது. பெல்ட் பக்கிள் சீட்டுக்குள் புதைந்து பூஸ்டருக்கு அடியில் போய்விட்டது. குழந்தை தானே மாட்ட முயன்றாள், விரல் எட்டவில்லை. அம்மா முன்சீட்டுக்கு மேல் குனிந்து, கையை உள்ளே நுழைத்துத் தடவித்தான் மாட்டினார். மாட்டிய பிறகு பார்த்தால் இடுப்புப் பட்டை தொடையில் இல்லை, வயிற்றில் கிடந்தது. குழந்தையின் முழங்கால் முன்சீட்டில் முட்டியதால் அவள் இடுப்பை முன்னே தள்ளிச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். "நேரா உக்காரு கண்ணு" என்றார் அம்மா. அவளால் முடியவில்லை.

பட்டை வயிற்றில் கிடப்பது சின்ன விஷயம் இல்லை. பெரியவர்களின் இடுப்பெலும்பில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்தான் இடுப்புப் பட்டையைக் கீழே பிடித்து வைக்கின்றன. குழந்தைகளுக்கு அந்த முனைகள் முழுதாக வளர்ந்திருக்காது. மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கும், பட்டை மென்வயிற்றில் இறங்கும், குடலும் முதுகெலும்பும் அடிபடும். இதைத் தடுக்கத்தான் பூஸ்டர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சுமார் 4 அடி 9 அங்குல உயரம் வரும் வரை, பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள், பூஸ்டரைக் கைவிடாதீர்கள் என்கிறது. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ, ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ ஆகும் வரை சட்டமே குழந்தை இருக்கையைக் கேட்கிறது. கட்டுரையாளரின் மகனுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டு பூஸ்டர் வாழ்க்கை பாக்கி இருக்கிறது. பூஸ்டரே ஒழுங்காக உட்காராத சீட்டை "அளவெடுத்துத் தைத்தது" என்று எப்படித்தான் எழுத மனம் வந்ததோ.

வளர்ந்த பிள்ளைக்காவது அந்த இடம் ஆகுமா? 2017-ல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு மூடிய மஸ்டாங்கைச் சோதித்து 5-க்கு 2 நட்சத்திரம் தந்தது. குழந்தைப் பாதுகாப்புக்குக் கிடைத்தது 32 சதவீதம். முழு அகல மோதலில் பின்சீட்டில் இருந்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போனது. பின் பெல்ட்டில் மோதலின்போது இறுக்கிப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் இல்லை, விசையை மட்டுப்படுத்தும் லோட் லிமிட்டரும் இல்லை என்பதுதான் காரணம். அந்தப் பொம்மை, சுமார் ஐந்தடி உயரமுள்ள சிறிய உடல்வாகுப் பெண்ணின் உருவம். அதாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பு. அதே ஆண்டு மேம்படுத்திய மாடல் 3 நட்சத்திரம் வாங்கியது. அந்த உயர்வில் பெரும்பங்கு தானியங்கி பிரேக் போன்ற ஓட்டுநர் உதவிகளுடையது. இது பழைய மாடல், அதுவும் கூரை உள்ளது என்று அவர் சொல்லலாம். கூரை உள்ள காரில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிறது, அது கூரை விளிம்பிலிருந்து இறங்கித் தலையைக் காக்கிறது. துணிக்கூரைக்கு விளிம்புச் சட்டம் இல்லாததால் அந்தத் திரைக்குத் தொங்க இடமே இல்லை. முன்சீட்டுக்காரர்களின் தலைக்கு சீட்டுக்குள்ளிருந்தே ஏர்பேக் விரிகிறது. வோல்வோ தன் சி70 கன்வெர்டிபிளில் கதவுக்குள்ளிருந்து மேல்நோக்கி விரியும் திரையையே வடிவமைத்தது. ஆனால் இரண்டு கதவுக் காரில் கதவு முன்சீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி அவர் கையில் பிடித்திருக்கும் ஆய்வு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐஐஹெச்எஸ் வெளியிட்டது அது. கன்வெர்டிபிள்களையும் அதே கார்களின் மூடிய வடிவங்களையும் ஒப்பிட்டு, ஓடிய தூரத்துக்குக் கன்வெர்டிபிள்கள் 6 சதவீதம் குறைவாக விபத்தில் சிக்கின, ஓட்டுநர் இறப்பு விகிதம் 11 சதவீதம் குறைவு என்று கண்டது. எண்கள் சரி. அவற்றை எடுத்துக்காட்டிய விதம்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. ஓட்டுநர் இறப்பு என்றால் முன்சீட், அதுவும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருப்பவர். பின்சீட்டில் இருக்கும் குழந்தையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. இறந்த ஓட்டுநர்களில் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களின் பங்கு கன்வெர்டிபிளில் கூடுதல் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த வரியை அவர் தாண்டிப் போய்விட்டார். தவிர, அந்த ஒப்பீடு மஸ்டாங்குக்கும் மஸ்டாங்குக்கும் இடையே நடந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு கார் தேடும் குடும்பத்தின் முன்னால் இருக்கும் கேள்வி அதுவா? ஸ்போர்ட்ஸ் காரா, நான்கு கதவுக் காரா என்பதுதானே?

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், பையனின் சிரிப்பை அவர் கடைசிச் சான்றாக வைத்திருப்பதால். கூரை திறந்த காரில் கண்ணாடிக்கு மேலாகப் போகும் காற்று சுழன்று பின்சீட்டில்தான் விழுகிறது. முன்னே இருப்பவர்களுக்கு இதமான தென்றல், பின்னே இருப்பவருக்கு ஓயாத அறை. இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு விண்ட் டிஃப்ளெக்டர் என்ற வலைத்தடுப்பு. பல நான்கு சீட் கன்வெர்டிபிள்களில் அதைப் பின்சீட்டின் மேல்தான் விரித்து மாட்டுகிறார்கள், மாட்டிவிட்டால் அங்கே யாரும் உட்கார முடியாது. முன்சீட்டின் சுகத்துக்காகப் பின்சீட்டையே மூடிவிடும் உபகரணத்தை விற்கிறவர்கள், அந்த இடம் குழந்தைக்கு என்று நினைத்திருப்பார்களா? சத்தமும் குறைவில்லை. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட அளவீட்டில், கூரை திறந்து மணிக்கு சுமார் 88 கி.மீ வேகத்தில் போனபோதே சோதித்த கார்களில் பெரும்பாலானவை 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலைகளில் காதுக்கவசம் பற்றிப் பேசத் தொடங்கும் அளவு அது. பின்னால் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை "அப்பா, பெல்ட் குத்துது" என்று சொன்னாலும் அந்த வேகத்தில் முன்னால் கேட்காது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், "பள்ளிக்கூடம் இரண்டு மைல்தான், நெடுஞ்சாலைக்கா போகிறோம்" என்று ஒரு சமாதானம் வருகிறது. மேலே சொன்ன இருக்கைச் சோதனை 48 கி.மீ வேகத்தில் நடப்பது. மைலில் சொன்னால் முப்பது. பள்ளிக்கூடத் தெருவுக்கு முந்தைய சாலையில் எல்லோரும் போகிற வேகம் அதுதான். தலை முன்சீட்டை நோக்கிப் பாய அந்த வேகமே போதும்.

கன்வெர்டிபிளை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் மனைவியும் மாலையில் கூரையைத் திறந்துகொண்டு போகட்டும், அதற்காகத்தான் அந்தக் கார் செய்யப்பட்டது. வீட்டில் இரண்டாவதாக ஒரு செடான் நிற்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். பையனின் இருக்கையை இன்றைக்கே கழற்றி அதில் மாட்டட்டும். பத்து நிமிட வேலை.