பரவலாக்கமா, இன்னொரு மையமா?

2022 அக்டோபரில் ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கியதும் பலர் மாஸ்டடான் சமூக வலைதளத்துக்குக் குடிபெயர்ந்தனர். தனி முதலாளி இன்றி, ஆயிரக்கணக்கான சர்வர்கள் தத்தம் விதிகளுடன் இணைந்து இயங்குவதே அதன் சிறப்பு. வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கத் தவறும் சர்வருடன் பிற சர்வர்கள் தொடர்பைத் துண்டிக்கலாம். அந்த அச்சமே அங்கு ஒழுங்கைக் காக்கிறது.

ஆனால், ஏற்கெனவே மிகப் பெரிதாக இருந்த 'மாஸ்டடான்.சோஷியல்' சர்வரையே 2023இல் அதன் செயலி புதியவர்களுக்கு முன்னிறுத்தத் தொடங்கியது. சேர்வது எளிதாயிற்று; சமநிலை குலைந்தது. பெரிய சர்வரைத் துண்டிக்கும் சிறிய சர்வர், தன் உறுப்பினர்களை அவர்களுடைய நண்பர்களிடமிருந்தே பிரித்துவிடும். ஆகவே, அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. எவரும் சர்வர் அமைக்கக்கூடிய மின்னஞ்சலும் ஜிமெயில் போன்ற சில சேவைகளிடம் குவிந்துவிட்டது. புதியவர்களைப் பல சர்வர்களுக்கும் பகிர்ந்தளிக்காவிட்டால், பரவலாக்கம் வெறும் பெயராகவே எஞ்சும்.