ஒருநாள் விட்டு ஒருநாள்

புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகரம் குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி அதன் நிக்டி பகுதியில்தான் தூய்மையாகிறது. பவனா ஆற்றிலிருந்து ராவேத்தில் இறைக்கப்படும் நீர், நிக்டி செக்டர் 23இல் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஊரெங்கும் பிரிந்து போகிறது. ஆனால் அந்த நிலையத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவருக்கும் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். 2019 நவம்பரில் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி மாநகராட்சி கொண்டுவந்த முறை இது. அந்த மாதம் பிறந்த குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டது. தற்காலிக ஏற்பாடு மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தால் வீடுகளில் என்ன நடக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடம், வாளி, அண்டா, நீல நிற டிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்பி வைப்போம். நிக்டியின் பிராதிகரண் பகுதி அடுக்ககங்களில் தரைத்தொட்டியும் மாடித்தொட்டியும் இருக்கின்றன. ஒட்டா ஸ்கீம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வாசலில் நிற்கும் டிரம்தான் தொட்டி. அதற்கு மூடி இருந்தால் நல்லது. பல வீடுகளில் ஒரு பலகைத் துண்டோ கோணியோதான் மூடி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. சாக்கடையைவிட வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரையே அது நாடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும், உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அடுத்த முறை நீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். அதற்கும் தண்ணீர்தான் வேண்டும்.

இது பழைய கதைதானே, இதில் பருவநிலை மாற்றம் எங்கே வந்தது என்று கேட்கலாம். பதில் புனேயிலேயே இருக்கிறது. பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோபியா யாக்கோப், ராக்ஸி மேத்யூ கோல் ஆகியோரின் ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. புனேயின் டெங்கு மரணங்களை வெப்பநிலை, மழை, ஈரப்பதம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தது அந்த ஆய்வு. பருவமழை மாதங்களில் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஈரப்பதம் 60 முதல் 78 விழுக்காட்டுக்குள் நின்று, மழையும் சீராகப் பரவலாகப் பெய்தால் டெங்கு மரணங்கள் கூடுகின்றன. வாரத்துக்கு 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டினால் முட்டைகளும் புழுக்களும் அடித்துச் செல்லப்பட்டு நோய் தணிகிறது. மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் விதமே முக்கியம் என்பது இதன் சாரம். வெயில் கூடும்போது கொசுவின் உடலில் வைரஸ் பெருக எடுத்துக்கொள்ளும் நாட்களும் குறைகின்றன.

வருங்காலம் பற்றி அந்த ஆய்வு சொல்வது கவலைக்குரியது. புனேயில் டெங்கு மரணங்கள் வரும் ஆண்டுகளில் 13 விழுக்காடு உயரக்கூடும். நூற்றாண்டின் நடுப்பகுதியில் உயர்வு 40 விழுக்காடு வரை போகலாம். புதைபடிவ எரிபொருளை இப்படியே எரித்துக்கொண்டிருந்தால் நூற்றாண்டின் இறுதியில் 112 விழுக்காட்டைத் தொடலாம். உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறது: 2030க்கும் 2050க்கும் இடையே பருவநிலை மாற்றத்தால் ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத்தாக்கம் ஆகிய நான்கில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 2,50,000 பேர் கூடுதலாக இறப்பார்கள் என்பது அதன் மதிப்பீடு. அந்தக் கணக்கில் டெங்கு இல்லை.

மாநகராட்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜூனில் அது 200 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. மகாராஷ்டிரத்தில் ஓர் உள்ளாட்சி அமைப்பு இதைச் செய்தது அதுவே முதல் முறை. கேட்டதைப் போல் ஐந்து மடங்கு தொகைக்கு முதலீட்டாளர்கள் முன்வந்தார்கள். அந்தப் பணம் போகும் இரண்டு திட்டங்களில் ஒன்று நிக்டி பிராதிகரணின் ‘ஹரித் சேது’. நிழல் தரும் மரங்கள், அகலமான நடைபாதைகள், சைக்கிள் பாதைகள் ஆகியவற்றால் பூங்காக்களையும் கடைவீதிகளையும் குடியிருப்புகளையும் இணைப்பதே அதன் நோக்கம். வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்ற குறையை வைத்து இதை எதிர்க்கக் கூடாது. காரில் போகிறவர் நடந்து போனால் புகையும் குறையும், அவர் ரத்தச் சர்க்கரையும் குறையும். பிம்ப்ரியிலிருந்து பக்தி-சக்தி சவுக் வரை மெட்ரோவை நீட்டிக்கும் பணியும் முடிந்துவிட்டால், பழைய மும்பை சாலையில் பேருந்துக்காகப் புகையில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அதுவே பெரிய மருந்து.

இவையெல்லாம் வேண்டும். ஆனாலும் பருவநிலைக்காக ஒரு நகரம் செய்யும் வேலை மரத்திலும் பாதையிலும் முடிந்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்பதே நம் கருத்து. மீதிப் பாதி குழாயில் இருக்கிறது. தினமும் குறித்த நேரத்தில் தண்ணீர் வருவதுதான் இந்த ஊர் செய்யக்கூடிய மிகப் பெரிய டெங்குத் தடுப்பு. வெப்பம் கூடிவரும் காலத்தில் அதுவே பருவநிலை நடவடிக்கையும்கூட. பொறியியல் துறை தண்ணீரைப் பார்க்கிறது, சுகாதாரத் துறை கொசுவைப் பார்க்கிறது, சுற்றுச்சூழல் துறை மரத்தைப் பார்க்கிறது. காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையின் உடம்பில் மூன்றும் ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன.

மழைக்காலம் வந்தால் பணியாளர்கள் வீடுவீடாகப் போய்க் கொசுப்புழு தேடுகிறார்கள், கண்டுபிடித்தால் அபராதம். கட்டுமான இடங்களிலும் பெரிய வளாகங்களிலும் அபராதம் நியாயமே. அலட்சியத்துக்கு விலை வேண்டும். ஆனால் தினமும் தண்ணீர் கொடுக்க முடியாத மாநகராட்சி, தண்ணீரைச் சேர்த்து வைத்ததற்காக ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்திடம் பணம் வசூலிப்பது நியாயமில்லை. அந்தக் குடும்பத்துக்கு ரசீதுக்குப் பதில் இறுக்கமான மூடியுள்ள ஒரு டிரம்மைக் கொடுங்கள். 200 கோடிக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத செலவு.

தினசரித் தண்ணீருக்கு அணையிலிருந்து கூடுதல் நீர் வேண்டும் என்று மாநகராட்சி சொல்லும். பவனா அணையிலிருந்து நிக்டிக்கு மூடிய குழாயில் நீர் கொண்டுவரும் திட்டம் அதற்காகத்தான் வந்தது. அதை எதிர்த்து, அணை இருக்கும் மாவல் வட்டார விவசாயிகள் 2011 ஆகஸ்ட் 9 அன்று பவூர் அருகே மும்பை-புனே விரைவுச் சாலையை மறித்தபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட மூவர் உயிரிழந்தார்கள். திட்டம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அணையைச் சுற்றி வாழ்பவர்களின் சம்மதமும் அவர்கள் வயலுக்கான உத்தரவாதமும் இல்லாமல் அதை மீண்டும் தொடக் கூடாது. முதலில் ஊருக்குள் கசியும் குழாய்களை அடைத்து, கள்ள இணைப்புகளைத் துண்டித்து, மீட்ட நீரின் கணக்கை வெளியிட்டுவிட்டு மாவலுக்குப் போகட்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய சென்னை மாகாணம், குடிநீர் வழங்கலுக்கு அதில் தனி அத்தியாயமே ஒதுக்கியது. குழாயும் காய்ச்சலும் ஒரே விஷயம் என்று அன்றே புரிந்திருந்தது. அப்படியிருந்தும் 2012இல் நெல்லைச் சீமையில், குறிப்பாகக் கடையநல்லூரில், டெங்கு புகுந்து விளையாடியது. அந்த ஆண்டு மாநிலத்தில் 66 பேர் இறந்தார்கள். 2017இல் 65 பேர். நிலவேம்புக் குடிநீரும் புகைமருந்தும் காய்ச்சல் வந்த பிறகு நடந்த ஓட்டம். வருமுன் காக்கும் கருவி அப்போது கையில் இல்லை.

இப்போது இருக்கிறது. புனே ஆய்வாளர்கள் உருவாக்கிய மாதிரி, டெங்கு அபாயத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே சொல்லக்கூடியது. புனேயின் சுகாதாரத் துறை தன் மரணக் கணக்கைப் பகிர்ந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. டெங்குச் சுமை அதிகமுள்ள கேரளம் போன்ற மாநிலங்களிலிருந்து போதிய தரவு கிடைக்கவில்லை. நோய்க் கணக்கை மறைத்தால் அரசின் மானம் காப்பாற்றப்படலாம்; உயிர் காப்பாற்றப்படாது. தேசிய வைராலஜி நிறுவனமும் புனேயில், பருவமழையை ஆராயும் நிறுவனமும் புனேயில், வானிலைத் துறையின் சிவாஜிநகர் அலுவலகமும் புனேயில். மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, அண்டை மாநகரமான பிம்ப்ரி-சிஞ்ச்வட் தன் வார்டு வாரியான காய்ச்சல் கணக்கை வாராவாரம் வெளியிட்டு அவற்றோடு இணைவதற்கு என்ன தடை?

ஜூன் மழைக்கு இரண்டு மாதம் முன்பு என்றால் ஏப்ரல். வரும் ஏப்ரலில் அந்த முன்னெச்சரிக்கை நிக்டியின் ஒவ்வொரு வார்டு அலுவலகப் பலகையிலும், பக்தி-சக்தி சவுக் பேருந்து நிலையத்திலும், மராத்தியிலும் இந்தியிலும், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தேஹு ரோடு பக்கம் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். பக்கத்திலேயே அந்த வாரத்துக் குடிநீர் நேரமும் இருக்கட்டும், ஏழு நாளுக்கும் சேர்த்து.