'கசின்' என்ற சொல்லும் சோழர் அரியணையும்

சயான், மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வளரும் தமிழ் மாணவர்களுள் பலர் 'பொன்னியின் செல்வ'னை எழுத்தில் படித்தவர்கள் அல்லர். ஒலிநூலாகக் கேட்டவர்கள், அல்லது 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைப் பார்த்தவர்கள். கதையின் மையச் சிக்கலை அவர்கள் சொல்ல நேர்ந்தால் அது பெரும்பாலும் இவ்வாறு அமையும்: சுந்தர சோழனுக்கு இரண்டு மகன்கள், இடையில் அவனுடைய 'கசின்' ஒருவன் வந்து அரியணை கேட்கிறான். அந்த ஒரு சொல்லிலேயே மதுராந்தகனின் வழக்கு தோற்றுவிடுகிறது.

பெரியப்பாவின் மகனைத் தமிழ் அண்ணன் என்றோ தம்பி என்றோதான் அழைக்கும். பெரியப்பா, சிற்றப்பா இருவரும் சொல்லளவிலேயே 'அப்பா'. மாமன் மகன் வேறு வகுப்பு. இம்மாணவர்கள் நாள்தோறும் கேட்கும் மராத்தியும் 'சுலத் பாவு', 'மாமே பாவு' என இவ்விருவரையும் பிரித்தே வைத்திருக்கிறது. அவர்கள் அறிந்த இரு மொழிகளிலும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சொல் ஒன்று அழித்துவிடுகிறது என்பது சிறிய இழப்பன்று.

முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949 இல் தக்கோலப் போரில் மடிந்தான். அடுத்தவன் கண்டராதித்தன் ஆண்டான். அவனுக்குப் பின் அரியணை அவன் மகனுக்குச் செல்லாமல் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகன் அப்போது சிறுவனாக இருந்தான் என்றே கருதப்படுகிறது. எனவே அவன் பின்னாளில் கேட்டது பிறர் பொருளை அன்று. மூத்தவர் வழியிலிருந்து இளையவர் வழிக்குச் சென்ற ஒன்று திரும்பி வர வேண்டும் என்பதே அவன் கோரிக்கை. அருண்மொழிக்கு அவன் சிற்றப்பன் முறை. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும் இந்த உறவைச் சுட்டியே பேசுகிறது: தந்தையின் உடன்பிறந்தான் முறையினன் நாட்டை விரும்பும் வரையில் அருண்மொழி மனத்தளவிலும் அதை விரும்பவில்லை என்கிறது. வென்ற வழியினர் எழுதுவித்த சான்று அது என்பதை மறந்துவிடலாகாது. அவர்களே அவனைச் சிற்றப்பனாகத்தான் குறிக்கிறார்கள்.

சோழர் பட்டப் பெயர்களும் இதற்குத் துணை நிற்கின்றன. இராசகேசரி, பரகேசரி என்னும் இரண்டும் மாறிமாறி வரும். அண்ணன் கண்டராதித்தன் இராசகேசரி, தம்பி அரிஞ்சயன் பரகேசரி, சுந்தர சோழன் இராசகேசரி. அவன் வாழ்நாளிலேயே பட்டம் பெற்ற ஆதித்த கரிகாலன் பரகேசரி. பின்வந்த உத்தம சோழனாகிய மதுராந்தகனும் பரகேசரியே. ஆதித்தனின் முறை கணக்கில் சேரவில்லை. யார் யாருக்குப் பிறந்தான் என்பதன்று, யார் தனித்து அரியணையில் அமர்ந்தான் என்பதே இந்த வரிசையின் இலக்கணம்.

ஆதித்தன் கொலையில் உத்தமனுக்குப் பங்குண்டா என்பது வேறு வழக்கு. உடையார்குடிக் கல்வெட்டை முன்வைத்து நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் மாறுபட்ட முடிவுகளுக்கு வந்தனர். உரிமை வழக்கைக் கொலை வழக்கில் கரைத்துவிடுவது நம் வாசிப்பின் சோம்பல்.

1950 இல் தொடராக வரத் தொடங்கிய நாவலில் கல்கி கையாண்ட தீர்வு இங்கேதான் நெருடுகிறது. பேராசை கொண்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன், மந்தாகினியின் பிள்ளை என்கிறார். உண்மையான வாரிசு பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன். கதையாக அது சுவையானதுதான். ஆனால் உரிமை பற்றிய கேள்வி பிறப்பு பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. விரும்பத்தகாத ஒருவனுக்கும் நியாயமான உரிமை இருக்கலாம் என்ற சங்கடத்திலிருந்து வாசகர் தப்பித்துக்கொள்கிறார். திரைப்படம் அந்த ஆள்மாறாட்டத்தைக் கைவிட்டு மதுராந்தகனுக்கே முடியைத் தந்தது. அந்த ஓரிடத்தில் அது நாவலைவிட வரலாற்றுக்கு நெருக்கமானது.

இரத்தத்தை வைத்தே வாரிசைத் தேடும் இந்தப் பழக்கம் நாவலோடு நிற்பதில்லை. சோழர் எம் குலத்தவரே என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகள் இன்று உரிமை கொண்டாடுகின்றன. அவ்வாறு பேசுவோர் 1070 ஆம் ஆண்டை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அவ்வாண்டில் அதிராசேந்திரனோடு விசயாலயனின் ஆண்வழி அரியணையை இழந்தது. அடுத்து அமர்ந்த முதலாம் குலோத்துங்கன் தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகன். மணந்ததோ தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை. உடன்பிறந்தாள் மகனுக்கும் மகளை மணந்தவனுக்கும் தமிழில் 'மருமகன்' என்ற ஒரே சொல்தான். குலோத்துங்கன் இரு பொருளிலும் சோழர்களின் மருமகன். அவனும் வரிசை பிறழாமல் இராசகேசரி என்றே தன்னைப் பொறித்துக்கொண்டான்.