ஒப்பேற்றுவது தப்பா?

ஆங்கிலத்தில் 'மடில் த்ரூ' என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஒழுங்கான திட்டம் இருக்காது, எது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது, ஆனாலும் எப்படியோ காரியம் முடிந்துவிடும். நம்மூரில் இதற்கு 'ஒப்பேற்றுவது' என்று பெயர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸ் தேடி அலையும் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சொல் மேல் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதற்கு டன்கிர்க்கைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1940 மே மாதக் கடைசியில், பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மன் படையிடம் சிக்கிய வீரர்களில் 45,000 பேரையாவது மீட்க முடியுமா என்றுதான் பிரிட்டன் கணக்குப் போட்டது. ஜூன் 4-க்குள் மீண்டவர்கள், பிரெஞ்சு வீரர்களையும் சேர்த்து, 3,38,000-க்கும் மேல். மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு என்று கிடைத்ததெல்லாம் கிளம்பிப் போனதாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மே 27 அன்று மீண்டவர்கள் சுமார் 7,700 பேர்தான். கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கிட்டே வர முடியவில்லை. கரையில் பொறுப்பேற்றிருந்த கேப்டன் வில்லியம் டெனன்ட், துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கப்பலை நிறுத்திப் பார்த்தார். அது கப்பல் நிறுத்துவதற்காகக் கட்டிய சுவரே அல்ல. ஆனாலும் பலித்தது! உடனே மற்ற கப்பல்களையும் அங்கே அனுப்பச் சொன்னார். மே 31 அன்று ஒரே நாளில் சுமார் 68,000 பேர் மீண்டார்கள். மொத்தத்தில் பெரும்பாலோர் துறைமுகம் வழியாகத்தான் போனார்கள்.

1959-ல் சார்லஸ் லிண்ட்ப்ளாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதே சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவலையும் திரட்டி முழுத் திட்டம் போடுவது சிக்கலான விஷயங்களில் நடக்காது; சின்னச் சின்ன அடியாக வைத்து, பலனைப் பார்த்து, திருத்திக்கொண்டே போவதுதான் நிர்வாகம் என்பது அவர் வாதம்.

ஆக, ஒப்பேற்றுவது தப்பில்லை. திருத்தாமல் ஒப்பேற்றுவதுதான் தப்பு. பில்லையெல்லாம் பையில் திணித்துவிட்டு மார்ச் கடைசியில் கணக்கு எழுதும் கடைக்காரர், அடுத்த வருஷமாவது மாதாமாதம் எழுத ஆரம்பித்தால் அவர் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அடுத்த மார்ச்சிலும் அதே பைதான் என்றால்? அது சமாளிப்பு இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

டன்கிர்க்கில் ஆட்கள் தப்பினார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளும் பீரங்கிகளும் கரையிலேயே கிடந்தன. ஒப்பேற்றியதைப் பெருமையாகச் சொல்லும்போது அந்தச் செலவையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்?