ஒரே வார்த்தைப் பிரசங்கி



ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1885-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர்தர் ஸ்டேஸ். குடிகாரப் பெற்றோரின் பிள்ளை. பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம். வாலிபத்திலேயே தாமும் குடிக்கு அடிமையானார். முதல் உலகப்போரின்போது, 1916-இல், படையில் சேர்ந்தார். 19-ஆம் பட்டாளத்தில், காயமுற்ற வீரர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து செல்வது அவருடைய வேலை.

1919-இல் வீடு திரும்பினார். உலகத்தின் யுத்தம் ஓய்ந்தது. அவருக்குள்ளிருந்த யுத்தம் ஓயவில்லை. மறுபடியும் குடி. பிறரைச் சுமந்தவரைச் சுமக்க ஒருவருமில்லை.

1930 ஆகஸ்டு 6-ஆம் தேதி, புனித பர்னபா ஆலயத்தில் நடந்த ஆண்கள் கூட்டத்திற்குச் சென்றார். செய்தி கேட்போருக்குத் தேநீரும் கேக்கும் கிடைக்கும் என்பதே காரணம். பசியோடு போனவர், இரட்சிக்கப்பட்டுத் திரும்பினார்.

1932 நவம்பரில் ஜான் ரிட்லி என்னும் சுவிசேஷகர் ஏசாயா 57:15-ஐ வைத்துப் பிரசங்கித்தார். அவரும் அதே போரில் போரிட்டவர். நித்தியம் என்னும் வார்த்தையைச் சிட்னியின் தெருவெங்கும் கூவியறிவிக்க வாஞ்சிப்பதாக அவர் முழங்கினார். ஸ்டேஸின் சட்டைப்பையில் ஒரு சாக்குக்கட்டி இருந்தது. வெளியே வந்து, மண்டியிட்டு, நடைபாதையில் 'நித்தியம்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். தம் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவரின் கையிலிருந்து அழகிய எழுத்துகள் புறப்பட்டன!

அன்றுமுதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள், அதிகாலைதோறும் ஜெபித்துப் புறப்பட்டு, அந்த ஒரே வார்த்தையை எழுதினார். சுமார் ஐந்து லட்சம் முறை எழுதியிருக்கலாம் என்பர். எழுதியவர் இன்னாரென்று 1956 வரை ஊரறியவில்லை. மழை அழித்தது, மறுபடியும் எழுதினார். 1967-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 2000-ஆம் ஆண்டு பிறந்த இரவில், சிட்னி துறைமுகப் பாலத்தில் அதே வார்த்தை, அவருடைய கையெழுத்தின் வடிவிலேயே, ஒளிவிளக்குகளால் ஜொலித்தது.

அன்பானவர்களே, பிழைப்புக்காகப் பெருநகரம் வந்த நம்மில் பலர், "எனக்குப் படிப்பில்லை, இவ்வூர்ப் பாஷையும் சரியாக வராது, நான் என்ன ஊழியம் செய்யமுடியும்?" என்கிறோம். தேவன் ஸ்டேஸிடம் கேட்டது ஒரே வார்த்தை. உம்மிடம் உள்ளது எது?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். அன்று அந்த ஆலயத்தார், "குடிகாரனுக்கு இங்கே என்ன வேலை?" என்று கதவடைத்திருந்தால்? நம் சபையின் கடைசி வரிசையில், மதுவாடையோடு வந்து தயங்கி உட்காருகிற சகோதரனைக் கண்டு முகம் சுளிக்கிறோமா, அல்லது ஒரு குவளைத் தேநீர் கொடுக்கிறோமா? அக்குவளையின் பலனை நித்தியமே காட்டும்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.